மாசி வெயிலும் குளத்து நத்தையும்: நாங்குநேரி வட்டார ஆடு வளர்ப்போருக்கான பருவகால ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பிசான அறுவடை நெருங்கும் இந்நாள்களில், மானாவாரிக் காட்டுப் புல் காய்ந்துபோக, மணிமுத்தாற்றுக் காலிலும் வடக்குப் பச்சையாற்றிலும் நீர் பெறும் நாங்குநேரிப் பகுதிக் குளங்களின் ஓரத்தில் மட்டுமே பச்சை நிற்கிறது. அந்தப் பச்சையில் ஆடுகளை மேய விடக் கூடாது என்பதே இவ்வறிவிப்பின் சாரம். சென்ற ஆண்டு தாடை வீங்கியும் நீராய்க் கழிந்தும் ஆடுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு இதன் காரணம் விளங்க வேண்டும்.

கல்லீரலில் வாழும் ஈரல் தட்டைப்புழுவும், இரைப்பையில் ஒட்டி வாழும் ஆம்பிஸ்டோம் என்னும் இரைப்பைத் தட்டைப்புழுவும் ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டுக்கு நேரே தொற்றுவதில்லை. சாணத்தோடு நீரில் விழும் முட்டை பொரிந்து, வெளிவரும் நுண்புழு ஏறக்குறைய ஒரு நாளுக்குள் உரிய நன்னீர் நத்தைக்குள் புகுந்தாக வேண்டும். ஈரல் புழுவுக்கு லிம்னேயா இன நத்தைகளும், இரைப்பைப் புழுவுக்குத் தட்டையாகச் சுருண்ட ஓடுடைய இண்டோபிளானார்பிஸ் போன்றவையும் இடம் தருகின்றன.

நத்தைக்குத் தனக்கென உடற்சூடு கிடையாது; நீரின் வெப்பமே அதன் வெப்பம் என்பதால், அதனுள் வளரும் புழுவின் வேகத்தையும் நீரின் சூடே முடிவு செய்கிறது. ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் கீழே புழு முட்டை வளர்வதில்லை என்றாலும், அத்தகைய குளிர் நாங்குநேரிக்கு வருவதே இல்லை. 25 முதல் 30 பாகை வரையிலான வெப்பத்தில் முட்டை இரண்டு மூன்று வாரங்களில் பொரிகிறது. நத்தைக்குள் புகுந்த ஒரே நுண்புழு நூற்றுக்கணக்கான வாலுடைய புழுக்களாகப் பெருகி வெளியேறி, நீர்மட்டத்தை ஒட்டிய புல்லில் ஒட்டி, வாலை உதிர்த்து உறையிட்டுக் கிடக்கிறது. குளம் வற்ற வற்ற அந்தப் புல் வெளியே தெரிகிறது. பசித்த ஆடு அதைத்தான் தேடிப் போகிறது.

மழை நின்று வெயில் ஏறிவிட்டதால் புழுவும் செத்திருக்கும் என்று கருதுவோர் இன்னும் பலர் உள்ளனர்; இக்கருத்து தவறு. 35 பாகையைத் தாண்டிய வெப்பத்தில் நத்தைகள் விரைவில் மடிந்தாலும், ஈரச்சேற்றில் புதைந்தவை அடுத்த தண்ணீருக்காகக் காத்திருக்கின்றன. காய்ந்த தரையில் வெயில் பட்டு அழியும் உறைப்புழுவும் ஈரம் உள்ள இடத்தில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே மீண்டும் சொல்லப்படுகிறது: குளத்து ஓரப் பச்சையில் ஆட்டை இறக்காதீர்கள்.

உடனே செய்ய வேண்டியவை:

1. காய்ந்த மேட்டு நிலத்தில் மட்டும் மேய்க்கவும். அறுவடைத் தாளில் தண்ணீர் தேங்கியிருந்தால் கிடை போடுவதையும் தள்ளிவைக்கவும்.
2. தொட்டியில் கிணற்று நீர் காட்டவும். தொட்டியைச் சுற்றிச் சேறு சேர விடவேண்டாம்.
3. வைக்கோலை வெயிலில் நன்கு உலர்த்திய பின் கொடுக்கவும். நீரில் நின்ற பச்சைத் தாளாயின் அடிப்பகுதியை நீக்கி மேற்பகுதியை மட்டும் போடவும்.
4. ஈரச் சாணத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாமல் எருக்குழியில் மட்க விடவும்.
5. நத்தையைக் கொல்வதாக எண்ணி மயில்துத்தம் கலக்கவேண்டாம்; மீன் சாகும், செம்மறிக்கும் தாமிரம் நஞ்சாகும்.

மருந்தில் ஓர் எச்சரிக்கை தேவை. டிரைக்ளாபெண்டசோல் ஈரலில் உள்ள இளம்புழுவையும் முதிர்புழுவையும் தாக்கும். ஆனால் இரைப்பைப் புழுவுக்கு அது பயன்படாது. அதற்கு ஆக்சிகுளோசனைடு தரப்படுகிறது. ஆகவே கடையில் கைக்குக் கிடைத்ததை ஊற்றாமல், கால்நடை மருத்துவர் எடைக்கேற்பக் குறிக்கும் மருந்தையே கொடுக்க வேண்டும். சாணத்தில் முட்டை இல்லை என்ற பரிசோதனை முடிவை நம்பி நோய் இல்லை என்றிருப்பதும் பிழையே. குடலை அரிக்கும் இளம் ஆம்பிஸ்டோம் முட்டையிடுவதற்கு முன்பே ஆட்டைக் கொன்றுவிடும்; ஈரல் புழுவின் முட்டை சாணத்தில் தெரிய மூன்று மாதங்களுக்கு மேலும் ஆகலாம். நாற்றமடிக்கும் நீர்க்கழிச்சல், தாடையடியில் நீர் கோத்த வீக்கம், வெளிறிய கண்சவ்வு ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் அன்றே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்க.

மருந்து ஊற்றிய ஆட்டை மறுநாளே அதே கரையில் மேய விட்டால், செலவழித்த பணமும் பட்ட பாடும் வீணாகும். குளத்து ஓரம் முழுதும் காய்ந்து வெடிக்கும் வரை மந்தை அதன் பக்கமே போகக் கூடாது.