மின்வண்டியும் மானியமும்

மானியம் என்னும் சொல் நம் நாட்டிற்குப் புதியதன்று. ஊர்த்தொழில் செய்வார்க்கும், கோயிற்பணி புரிவார்க்கும், ஏரி குளங்களைக் காப்பார்க்கும் இறை நீக்கியோ இறை குறைத்தோ விடப்பட்ட நிலம் மானியம் எனப்பட்டது. அந்நிலத்தின் பயன் பணியோடு பிணிக்கப்பட்டிருந்தது. பணி நடைபெறுங்காறும் பயன் கொள்ளலாம். பணி ஒழியின் பயன் கொள்ளும் உரிமையும் ஒழியும் என்பதே அதன் கருத்து. இக்காலத்திலோ, ஒரு பொருளின் விலையில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்பதனையும், ஒரு தொழில் தொடங்குவார்க்கு முதற்பணம் உதவுவதனையும் அச்சொல் குறிக்கின்றது. சொல் ஒன்றே, பொருள் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, மின்சார வண்டிகளுக்கும் அவற்றிற்கு மின்னேற்றும் நிலையங்களுக்கும் இந்திய அரசாங்கம் அளித்த மானியத்தைப் பற்றி எழுந்துள்ள விவாதத்தை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

முதற்கண் நிகழ்ந்தவற்றைக் கூறுதல் வேண்டும். மின்வண்டிகளை நாட்டிற் பரப்புங் கருத்துடன் ‘ஃபேம்’ என்னுந் திட்டம் 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தொடங்கிற்று. அதன் இரண்டாம் பகுதி 2019-இல் 10,000 கோடி ரூபாய்க்கு வகுக்கப்பெற்றது. அத்தொகையில் 1,000 கோடி மட்டுமே மின்னேற்ற நிலையங்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஏனையவற்றிற் பெரும்பகுதி வண்டிகளின் விலையைக் குறைத்தற்கே சென்றது. அத்திட்டம் பின்னர் 11,500 கோடியாக உயர்ந்து 2024 மார்ச்சுத் திங்களில் முடிவுற்றது. அவ்வாண்டு அக்டோபரில் ‘பி.எம். இ-டிரைவ்’ என்னும் பெயரால் 10,900 கோடியில் மற்றொன்று தோன்றிற்று. இதில் நிலையங்களின் பங்கு 2,000 கோடி. கார் முதலிய நான்கு சக்கர வண்டிகளுக்கு 22,100, இரண்டு மூன்று சக்கர வண்டிகளுக்கு 48,400, பஸ்களுக்கு 1,800 என ஏறக்குறைய 72,000 மின்னேற்றிகள் நாடெங்கும் அமைத்தல் இதன் குறிக்கோளாம்.

இனி, இதனை மறுப்பார் கூற்றைக் கேட்போம். அவர் கூறுவது யாதெனின்: ‘மின்வண்டி வாங்குவோன் ஓரளவு பொருளுடையோன். பஸ்ஸிலும் கால்நடையாகவும் செல்வோன் கொடுக்கும் வரியை எடுத்து, வண்டியில் ஏறிச் செல்வோனுக்கு ஈதல் நீதியாகாது. பெட்ரோல் வந்த காலத்தில் அதனைத் தகரங்களில் அடைத்துக் கடைகளில் வைத்து வணிகர் விற்றனர். வண்டிகள் பெருகியபின் பங்குகள் தாமே பெருகின. மின்சாரத்திற்கு மட்டும் அரசாங்கம் கைப்பொருள் இழப்பது எற்றுக்கு?’ என்பதாம்.

இக்கூற்றினை எளிதில் தள்ளிவிடுதற்கில்லை. இதன் முற்பாதியை யாம் பெரும்பாலும் உடன்படுகின்றோம். வண்டியின் விலையில் அளிக்கப்பெறும் மானியம் வாங்கியவன் கையிலேயே தங்கிவிடுகின்றது. அடுத்த வீட்டானுக்கு அதனாற் பயனில்லை. அன்றியும், அது வாணிகரை விலையில் விரகு செய்யத் தூண்டுகின்றது. இரு சக்கர வண்டியின் ஆலைவிலை ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படின் மானியம் இல்லை என்பது ஃபேம் விதி. அவ்வெல்லைக்குள் அடங்குதற்பொருட்டுச் சில நிறுவனங்கள் மின்னேற்றியை வண்டியினின்று பிரித்துத் தனிவிலையிட்டு விற்றன. மின்னேற்றி இல்லாத மின்வண்டி எற்றுக்கு ஆம்? 2023-இல் அரசாங்கம் இதனைக் கண்டு வினவவே, அப்பணத்தை வாங்கினோர்க்குத் திருப்பித் தர அவை இசைந்தன. அவ்வாண்டு ஜூன் முதல் நாளில் இரு சக்கர வண்டிக்குரிய மானிய வரம்பு விலையில் நூற்றுக்கு 40 என்பதிலிருந்து 15 ஆகக் குறைந்தது. அம்மாதத்து விற்பனை முன்மாதத்தில் பாதிக்குங் கீழே இறங்கிற்று. முட்டுக்கொடுத்து நிறுத்திய சுவர் முட்டை எடுத்தபோது சாய்ந்தவாறு இது. பின்னர் விற்பனை மெல்ல நிமிர்ந்தது என்பதனையும் மறைத்தலாகாது.

பிற்பாதியோ அங்ஙனமன்று. வண்டி தனியொருவன் உடைமை. நிலையம் வழிச்செல்வார் அனைவர்க்கும் உரியது. சாலையையும் பாலத்தையும் சத்திரத்தையும் ஒத்தது அது. இவ்விரண்டனையும் மானியம் என்னும் ஒரு பெயரால் வழங்குதலினாலேயே விவாதம் பெரிதும் மயங்குகின்றது. மேலும், பெட்ரோலைத் தகரத்தில் அடைத்துக் கடையில் வைத்தல் போல மின்சாரத்தை வைத்தல் இயலாது. விரைந்து மின்னேற்றும் பொறியொன்று நிறுவ வேண்டின் தனிக் கம்பியும், பல இடங்களில் தனி டிரான்ஸ்பார்மரும் வேண்டும். வண்டி வருமுன்னரே இச்செலவு முன்னிற்கின்றது. நிலையம் இன்மையால் வண்டி வாங்குவார் இலர். வண்டி இன்மையால் நிலையம் வைப்பார் இலர். மரம் முந்திற்றோ விதை முந்திற்றோ என்னும் பழைய வினாவே இது.

கணக்கொன்று காட்டுவாம். 60 கிலோவாட் ஆற்றலுள்ள பொறி, இரவும் பகலும் ஓயாது உழைப்பின் நாளொன்றுக்கு 1,440 யூனிட் வழங்கும். வண்டிகள் அருகிய ஊரில் அது நாளைக்கு இரண்டு மணி நேரமே உழைக்கும் எனக் கொள்வோமாயின், 120 யூனிட்டே விற்பனையாம். இடவாடகை, காவல், கடன்வட்டி அனைத்தும் அந்த 120 யூனிட்டின் தலைமேல் ஏறும். விலையை உயர்த்தினாலோ அவ்விரண்டு மணி நேரமும் ஒன்றாய்விடும். ஆதலின் தொடக்கத்தில் யாரேனும் இழப்பைத் தாங்கத்தான் வேண்டும். அரசாங்கம் பணமின்றியும் சில தடைகளை நீக்கியது பாராட்டத்தக்கது. 2018-இல், மின்னேற்றுதல் மின்சார விற்பனையாகாது, அதற்கு உரிமம் வேண்டுவதில்லை என்று மின்சார அமைச்சகம் தெளிவுபடுத்திற்று. 2024-இல் வெளியிட்ட நெறிமுறையில், வெயில் மின்சாரம் மிகுந்துள்ள பகல்வேளையில் வழங்கற் செலவின் சராசரியில் 0.7 மடங்கே இந்நிலையங்களிடம் வாங்கவேண்டுமென்று கூறிற்று. இவை செலவில்லா மானியங்கள் எனலாம்.

அற்றேல், நிலையம் யாருக்கு இன்றியமையாதது? இதனைப் பலர் வினவுவதில்லை. இரு சக்கர மின்வண்டியின் மின்கலம் 3 யூனிட் அளவினது. வீட்டுச் சுவரிலுள்ள எளிய பிளக்கில் இரவு மாட்டினால் காலையில் நிரம்பியிருக்கும். காருக்கு 30, 40 யூனிட் வேண்டுமெனினும், தன் வீடும் தன் கொட்டகையும் உடையான் இரவெல்லாம் ஏற்றிக்கொள்வான். நெடும்பயணத்திற்கே நிலையத்தை நாடுவான். வாடகைக்கு மேல்மாடியில் ஒற்றை அறையிற் குடியிருப்போனுக்கோ சுவரும் தனதன்று, பிளக்கும் தனதன்று. வண்டி தெருவில் நிற்கும். கம்பி மாடியினின்று இறங்காது. ஆட்டோ ஓட்டுவார் பலர் இந்நிலையினரே. அவர்களுக்கு 60 கிலோவாட் பொறி வேண்டுவதில்லை. 8 யூனிட் மின்கலத்தை மூன்று நான்கு மணி நேரத்தில் நிரப்பும் 3 கிலோவாட் பிளக் ஒன்று, குடியிருப்புக்கு அருகில், நம்பத்தக்கதாய் இருத்தலே போதும். அதன் விலையும் மிகச் சிறிது. இ-டிரைவ் திட்டத்து 48,400 என்னும் எண்ணே எமக்கு அத்திட்டத்தின் சிறந்த பகுதியாகத் தோன்றுகின்றது. ஆயினும் நெடுஞ்சாலை நிலையத்தைத் திறக்கும்போது கூடும் கூட்டம் இத்தகைய பிளக்கொன்றைத் திறக்கும்போது கூடாது.

இதனை எழுதுமுன், எம் நகரிலும் அதனையடுத்த நெடுஞ்சாலையிலும் உள்ள ஐந்து நிலையங்களைச் சென்று கண்டோம். இரண்டு செவ்வனே இயங்கின. ஒன்றின் முன் பெட்ரோல் கார்கள் நிழலுக்காக நிறுத்தப்பட்டிருந்தன. ஒன்று கைப்பேசியில் முன்பணம் செலுத்தினாலன்றி வாய்திறவாது; அன்று அதன் செயலியும் திறக்கவில்லை. ஐந்தாவது சாக்குப் போர்த்தி நின்றது. அதனருகே மூன்று சக்கர மின்வண்டியில் இருந்த முதியவரை வினவினோம். ‘பெட்டியை வைத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள், தம்பி. நான் சைக்கிள் கடையில்தான் இரவுக்கு இவ்வளவு என்று கொடுத்து ஏற்றிக்கொள்கிறேன்’ என்றார். அக்கடைக்காரர் எந்த மானியமும் பெற்றவரல்லர். ஆயினும் அவர் பிளக் நாள்தோறும் இயங்குகின்றது. அது கெட்டால் அன்றிரவே அவருக்கு வரும்படி இல்லை.

இவ்விடத்தில்தான் விவாதத்தின் உயிர்நிலை உள்ளதென்பது எம் கருத்து. கொடுப்பதா வேண்டாவா என்று இரு சாராரும் வாதிக்கின்றனர். எதற்கெனக் கொடுப்பது என்பதனை இருவருமே விடுகின்றனர். அரசாங்கத்தார் நிலையங்களை எண்ணுகின்றனர். 2024-ஆம் ஆண்டின் முடிவில் நாட்டில் ஏறத்தாழ 25,000 பொது நிலையங்கள் இருந்தன. அவற்றுள் 5,700-க்கு மேற்பட்டவை கருநாடகத்தில் மட்டும் இருந்தன. இயங்குவன எத்தனை, நாளைக்கு எத்தனை வண்டி வந்தது என்பது இவ்வெண்ணில் தோன்றாது. 2023 மார்ச்சில் மூன்று அரசாங்க எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 நிலையங்கள் அமைக்க 800 கோடி ஒதுக்கப்பட்டது. பொறியை நட்டுவிட்டு மின்னிணைப்புக்குக் காத்திருத்தல் இத்தகைய பணிகளில் வழக்கமாயிற்று. நட்டது வேறு, மின்பாய்ந்தது வேறு என இரு கணக்குக் காட்டவேண்டிய நிலைமையே போதிய சான்றாம்.

சோழர் காலத்தார் ஏரி வெட்டியதோடு நின்றாரல்லர். ஏரியைப் பேணுதற்கென்றே ‘ஏரிப்பட்டி’ என நிலம் ஒதுக்கினர். ஓடம் விட்டு வண்டல் வாரிக் கரையில் இடுதற்கும் அறக்கட்டளை வைத்தனர். நாள்தோறும் எடுக்கவேண்டிய மண்ணின் அளவைக்கூடக் குறித்த கல்வெட்டுக்கள் உள. வெட்டுகூலி ஒருமுறை, காப்புக்கூலி என்றும். நம் காலத்து மானியமோ வெட்டுகூலியை மட்டும் தருகின்றது.

‘இத்தகைய நிபந்தனைகள் வேலையைத் தாமதப்படுத்துமே’ எனின், அதற்கு ஐக்கிய அமெரிக்க நாட்டின் செய்தியை நோக்குக. அங்கே 2021-ஆம் ஆண்டுச் சட்டம் மின்னேற்ற நிலையங்களுக்கு 750 கோடி டாலர் ஒதுக்கிற்று. அதனுள் 500 கோடி நெடுஞ்சாலைத் திட்டத்திற்குரியது. அதன்படி திறந்த முதல் நிலையம் ஓஹாயோ மாகாணத்தில் 2023 டிசம்பரில்தான் இயங்கலாயிற்று. பகைத்தோர் இதனைக் காட்டி நகைத்தனர். 2025 பிப்ரவரியில் புதிய ஆட்சியாளர் அத்திட்டத்தையே நிறுத்திவைக்க, மாகாணங்கள் பல நீதிமன்றம் சென்றன. அவ்வாண்டு ஆகஸ்டில் தளர்த்திய விதிகளுடன் அது மீண்டும் நடைபெறலாயிற்று. இதனை நுணுகிப் பார்ப்பின் இருவகை நிபந்தனைகள் தென்படும். இத்தனை மைலுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் நான்கு பொறி என்பன திறக்குமுன் நிற்பவை. அவை தாமதம் விளைக்கும். ஆண்டில் நூற்றுக்கு 97 பங்கு நேரம் பொறி இயங்கவேண்டும் என்பதோ திறந்தபின் தொடர்வது. அது தாமதம் விளையாது, காவல் விளைக்கும். முன்னதைக் குறைத்துப் பின்னதை இறுக்குதலே தக்கது.

ஆதலின் யாம் வேண்டுவது இது. கம்பியும் டிரான்ஸ்பார்மரும் அமைத்தற்குரிய பணத்தை முன்னரே தருக. ஒரு நிறுவனம் விட்டுச் சென்றாலும் அவை அடுத்தவனுக்கு உதவும். பொறிக்குரிய பணத்தையோ ஐந்தாண்டாகப் பிரித்து, வழங்கிய யூனிட்டுக்கு இவ்வளவு என அளந்து தருக. 2025 செப்டம்பரில் வெளிவந்த இ-டிரைவ் நெறிமுறை பணத்தை இரு தவணையாக்கியது இவ்வழியில் ஓரடியே. இரண்டாந்தவணையும் தொடக்கத்தோடு முடிந்துவிடுகின்றது. யூனிட்டை அளந்து கொடுத்தால் நகரத்து நிலையம் கொழுக்கும், வண்டி அருகிய மலைவழி நிலையம் வாடும் என ஒருவர் தடுக்கலாம். அது மெய்யே. அத்தகைய இடங்களில் இயங்கிய நாளைக் கணக்கிட்டுக் கொடுத்தல் வேண்டும். நாளை யார் எண்ணுவார் எனின், ஏரிக்குக் காவலன் வேண்டினாற்போல இதற்கு ஆள் வேண்டுவதில்லை. விரைவுப் பொறிகள் தம் நிலைமையைத் தாமே தலைமைக் கணிப்பொறிக்கு அறிவித்துக்கொண்டிருக்கின்றன. அக்கணக்கை எவரும் காணுமாறு வெளியிடுதல் ஒன்றே குறை.

தெருமுனைப் பிளக்குகளுக்கு அவ்வளவு அறிவில்லை. அவற்றிற்கு ஊரார் கண் வேண்டும். உத்தரமேரூர்ச் சபையார் ஏரி வாரியத்தாரை 360 நாளைக்கெனக் குடவோலையாற் தெரிந்தெடுத்தனர். நம் நகர வார்டுகளில் அதற்கொத்த பொறுப்பை ஆட்டோ நிறுத்தத்து ஓட்டுநர் சங்கத்திடமே ஒப்பித்து, ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் நான்கைந்து பிளக்குகளும், அவை இயங்கிய நாளுக்கு ஒரு சிறு படியும் கொடுத்துப் பார்க்கலாம். சாக்குப் போர்த்திய பொறி இருந்த தெருவிலேயே அத்தகைய நிறுத்தம் ஒன்று உள்ளது. அங்கே எட்டு வண்டிகள் நின்றன, மூன்று மின்வண்டிகள்.