கருவி வேட்கை

மாந்தர்க்கு இயல்பாய் அமைந்த விருப்பங்களுள் இசைவிருப்பம் தலைசிறந்ததாகும். தமிழ் முன்னோர் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்துப் போற்றினர். கருவி என்பது யாது? ஒரு செயலை முடித்தற்குத் துணையாய் நிற்பது கருவி. செயல் இல்லையேல் கருவிக்குப் பெருமை இல்லை. இவ்வுண்மையை யான் ஏட்டிற் கற்றேனல்லேன், பட்டுணர்ந்தேன். அவ்வரலாறு மாணாக்கர்க்குப் பயன்படும் எனக் கருதி ஈண்டு எழுதலுற்றேன்.

எம் ஊர் சிங்கம்புணரி. சிவகங்கை மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள இவ்வூர், சேவுகப்பெருமாள் ஐயனார் கோயிலாலும், தென்னைநார்க் கயிற்றுத் தொழிலாலும் பெயர் பெற்றது. வைகாசித் திருவிழாவிலே நாகசுரமும் தவிலும் முழங்கத் தேர் அசைந்து வரும். அவ்வொலியைக் கேட்டு வளர்ந்த எனக்கு இளமை தொட்டே இசையின்பால் பெருவிருப்பம் உண்டு. சிறுவயதில் ஒரு புல்லாங்குழல் பெற்று, ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சிறிது காலம் பயின்றேன். இரண்டு மூன்று பாடல்களைப் பிழையின்றி வாசிக்கும் அளவே என் பயிற்சி நின்றது.

1986-ஆம் ஆண்டில் என் தந்தையார் மறைந்தார். யான் அப்பொழுது தமிழாசிரியனாய்ப் பணியேற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மாலையில் வீடு திரும்பினால், அவர் அமர்ந்திருந்த திண்ணை வெறுமையாய்த் தோன்றும். அவ்வெறுமையைப் பொறாது ஒருநாள் காரைக்குடிக்குச் சென்றவன், கடையொன்றில் ஆர்மோனியப் பெட்டியைக் கண்டு வாங்கி வந்தேன். அன்றிரவு நெஞ்சின் சுமை இறங்கியதுபோல் இருந்தது. அம்மகிழ்ச்சி பத்து நாள் நின்றது. பின்னர்ப் பெட்டி ஒரு மூலையிலும், துயர் பழைய இடத்திலும் அமர்ந்தன. துயரை ஆற்ற மீண்டும் கடைக்குச் சென்றேன். வயலின் வந்தது; அதன்பின் மிருதங்கம் வந்தது. ஒவ்வொன்றும் வந்த அன்று புதுமணம் வீசியது. அடுத்த திங்களில் தூசு படிந்தது.

வயலின் வாங்கிய திங்களில் என் அன்னையார், "தம்பி, கண்ணாடி மாற்ற வேண்டும், எழுத்துத் தெரியவில்லை" என்றார். கையிற் பொருள் இல்லாமையால், "அடுத்த மாதம் ஆகட்டும் அம்மா" என்றேன். மிருதங்கம் வந்த திங்களிலும் அதே விடையே கூறினேன். அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை.

இதற்கிடையே கடம் ஒன்று வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. எம் மாவட்டத்து மானாமதுரை, கடத்திற்குப் புகழ்பெற்ற ஊர். அவ்வூர் மண்ணாற் செய்த கடங்களை இசைவாணர் பலரும் விரும்பிப் பெறுவர். அங்குக் கடம் செய்யும் கலையில் வல்ல மீனாட்சி கேசவன் என்னும் அம்மையார்க்கு, அக்கலைக்காகவே 2014-ஆம் ஆண்டுக்குரிய சங்கீத நாடக அகாதெமி விருது அளிக்கப்பட்டது. யான் மானாமதுரைக்குச் சென்றது அதற்குப் பல ஆண்டுகள் முன்னர். அங்கு முதியவர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். "நல்ல கடம் ஒன்று வேண்டும்" என்றேன். அவர் கைவேலையை நிறுத்தாமலே, "எந்தச் சுருதிக்கு ஐயா வேண்டும்?" என வினவினார்.

யான் விடையின்றி நின்றேன்.

முதியவர் என் நிலையை உணர்ந்து இனிமையாய் விளக்கினார். குழைத்த மண்ணைப் பானையாய் வனைந்து, உட்புறத்தே கல்லை அணைத்துப் பிடித்து, வெளிப்புறத்தைப் பலகையால் ஓயாது தட்டித் தட்டிச் சுவரைச் சீராக்குவர். பின்பு உலர்த்திச் சூளையில் இடுவர். வெந்து வந்த கடத்தின் சுருதி ஏறத்தாழ நிலைத்துவிடும். வீணையின் தந்தியை முறுக்குவதுபோல் அதனைக் கூட்டவும் குறைக்கவும் இயலாது. ஆதலின், பாடுவோர் பலருக்கும் உடன் வாசிக்கும் கடக்கலைஞர், வெவ்வேறு சுருதிக்கு வெவ்வேறு கடம் வைத்திருத்தல் இன்றியமையாதது. குழலிசைப்போர் நீளம் வேறுபட்ட பல குழல்களை உடன் கொண்டு செல்வதும் இக்காரணத்தாலேயே. "பத்துக் கடம் வைத்திருப்பவரும் உண்டு ஐயா, ஆனால் பத்துக்கும் அவரிடம் வேலை உண்டு" என்று அவர் முடித்தார்.

மாணாக்கர்களே! பல கருவி வைத்திருத்தல் குற்றமன்று என்பதை இதனால் அறிக. பயிற்சி வளர, அதன் தேவையாற் கருவி பெருகுதல் வேறு. மனக்குறை வளர, அதனை மறைக்கக் கருவி பெருகுதல் வேறு. முன்னது மரம் கிளைப்பது போன்றது. பின்னது உப்புநீரைப் பருகுவது போன்றது. பருகப் பருக விடாய் மிகும்.

இவ்வேட்கை எனக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு நாட்டு அறிஞர் தெனி திதெரோ என்பார், 1769-ஆம் ஆண்டில் தம் பழைய மேலங்கியைப் பிரிந்ததற்கு வருந்தி ஒரு கட்டுரை வரைந்தார். அழகிய புதிய மேலங்கி வந்ததும், அதன் பக்கத்தே தம் அறையிலிருந்த பழம்பொருள்கள் பொலிவிழந்து தோன்றின. ஒன்றன்பின் ஒன்றாய் அவற்றை மாற்றலானார். முடிவில், பழைய அங்கிக்குத் தாம் தலைவராய் இருந்ததையும், புதிய அங்கிக்கு அடிமையானதையும் உணர்ந்தார். ஒரு பொருள் மற்றொரு பொருளை அழைத்து வரும் இயல்பினது. எம் ஊரில் தென்னைநாரை நூலாக்கி, நூலைப் புரியாக்கி, புரிகளை முறுக்கிக் கயிறாக்குவர். தனிநாரை ஒரு குழந்தையும் அறுக்கும். முறுக்கேறிய கயிற்றை யானையும் அறுத்தல் அரிது. பாசம் என்னும் சொல்லுக்குக் கயிறு என்பதும் பொருளாதலை எண்ணுக. திருவள்ளுவர் தம் நூலின் 37-ஆம் அதிகாரத்தை அவாவறுத்தல் என வகுத்து, ஆசையை அறுத்தற்குரிய ஒன்றாகவே காட்டினார்.

பண்டைப் பாணர் யாழைத் தோளிற் சுமந்து ஊர்தோறும் சென்றனர். சீறியாழ் வாசித்தோர் சிறுபாணர் எனவும், பேரியாழ் வாசித்தோர் பெரும்பாணர் எனவும் பெயர் பெற்றனர். கையிலிருந்த கருவிகளின் தொகையால் அன்று, கைவந்த கருவியின் வகையால் அவர்க்குப் பெயர் அமைந்தது. நம் காலத்திற்கு அணித்தாய், காரைக்குடிச் சகோதரர் என விளங்கிய சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் இருவரும் வீணை ஒன்றிலேயே வாழ்நாளைச் செலவிட்டனர். மூத்தவர் வீணையை நிமிர்த்திப் பிடித்தும், இளையவர் கிடத்தி வைத்தும் வாசிப்பர். 1888-இற் பிறந்து 1958-இல் மறைந்த சாம்பசிவ ஐயர்க்கு 1952-ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. வீணையில் இருப்பன ஏழு தந்திகள், மெட்டுகள் 24. அவற்றுள் அடங்கிய இசை ஒரு பிறவியிற் கற்று முடியாதது என்பதற்கு அவர்தம் வாழ்வே சான்று.

மானாமதுரையிலிருந்து யான் வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டில் நுழைந்தபொழுது, அன்னையார் சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக் கொண்டிருந்தார். கண்ணால் அன்று, விரலால் தடவித் தடவிப் பொறுக்கினார். அக்காட்சி என் நெஞ்சைச் சுட்டது. மறுநாளே அவரை அழைத்துச் சென்று கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். அதனை அணிந்ததும் அவர் முதலிற் பார்த்தது சுவரிலிருந்த தந்தையார் படத்தை. "இப்பொழுதுதான் அவர் முகம் தெளிவாய்த் தெரிகிறது" என்றார். மூன்று கருவிகள் ஆற்றாத துயர் அச்சொல்லால் ஆறியது.

பின்னர், வாசியாத கருவிகளை எடுத்துப் பார்த்தேன். ஆர்மோனியத்தின் துருத்தியைப் பூச்சி அரித்திருந்தது. வயலின் தந்தி துருவேறியிருந்தது. மிருதங்கத்தின் வார் தளர்ந்திருந்தது. அவற்றைச் செப்பஞ்செய்து, கற்க விரும்பியும் பொருள் இல்லாத மாணவர் மூவர்க்கு அளித்தேன். பழைய குழலை மட்டும் என்னிடம் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மீண்டும் பயிலத் தொடங்கினேன். இன்றும் பயில்கின்றேன்.

இக்காலத்தில் கடைக்குச் செல்லும் வருத்தமும் இல்லை. கைப்பேசியை விரலால் தொட்ட அளவில் கிட்டாரும் கீபோர்டும் வாயிலுக்கு வந்து சேரும். விலையைத் தவணையிற் செலுத்தவும் வழி உண்டு. வாங்குதல் எளிதாயிற்று, பயிலுதல் இன்றும் அரிதாகவே உள்ளது. ஆகவே, இளைஞர்களே! பொருள் ஒன்றை விரும்பும்பொழுது சிறிது நின்று, அம்முதியவர் என்னை வினவிய வினாவை உங்களை நீங்களே வினவிக்கொள்ளுங்கள்: "எந்தச் சுருதிக்கு?" விடை உளதாயின் வாங்குக, வாங்கியதை நாளும் பயில்க. விடை இல்லையாயின், வீட்டில் இருப்போரின் தேவை யாது எனத் திரும்பி நோக்குக.