ஊசி குத்தினால் இரத்தக் கொதிப்பு இறங்குமா?

இந்த மாதப் பாடம் எங்கள் வீட்டிலேயே ஆரம்பித்தது.

தஞ்சோங் கிளிங்கில் எங்களோடு இருக்கும் தாத்தா, 30 வருடம் பால்மரம் வெட்டியவர். முட்டி வலிக்காக மலாக்கா டவுனில் ஒரு சின்சேயிடம் அக்குபங்சர் போட்டுக்கொள்கிறார். ஒருநாள் ஊசி போட்டு வந்ததும் பிரஷர் பார்த்தார். காலையில் 152; இப்போது 138. உடனே சொல்லிவிட்டார்: "தம்பி, இனிமே கொதிப்பு மாத்திரை வேணாம்டா. ஊசியே போதும்."

அம்மாவுக்குப் பயம். எனக்கும்தான். ஆனால் "சும்மா இருங்க தாத்தா" என்று சொன்னால் அவர் கேட்பாரா? அதனால் படித்துப் பார்த்தேன்.

1. உடம்பு அழுத்தத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறது?

தண்ணீர்த் தொட்டியில் மிதவை இருக்கும். தண்ணீர் ஏறினால் அது குழாயை மூடும். நம் கழுத்து இரத்தக் குழாயிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாயிலும் இதே மாதிரி ஓர் ஏற்பாடு உண்டு. அழுத்தம் ஏறினால் குழாயின் சுவர் விரியும். அங்குள்ள நரம்பு முனைகள் மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி அனுப்பும். முகுளம் பரிவு நரம்புகளை அடக்கும். இதயத் துடிப்பு குறையும், குழாய்கள் தளரும், அழுத்தம் இறங்கும்.

2. ஊசி இதில் எங்கே வருகிறது?

உள்மணிக்கட்டிலிருந்து ஏறக்குறைய மூன்று விரல் தள்ளி 'நெய்குவான்' என்ற புள்ளி இருக்கிறது. அதற்குக் கீழே கையின் முக்கியமான நரம்பு ஒன்று ஓடுகிறது. ஊசி அந்த நரம்பைத் தூண்டும்போது செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் டாக்டர் ஜான் லாங்ஹர்ஸ்ட் குழு விலங்குகளில் இதைப் பல வருடம் ஆராய்ந்தது. ஊசியில் மெல்லிய மின்சாரம் கொடுத்தபோது மூளையில் என்டோர்பின் போன்ற இயற்கையான வலிநீக்கிகள் சுரந்து, முகுளத்தில் பரிவு நரம்புகளை ஏவும் பகுதியை அடக்கின. அதாவது, வலி குறைவதற்கும் அழுத்தம் இறங்குவதற்கும் வழி ஓரளவு ஒன்றுதான்.

3. மனிதர்களில் பலன் எவ்வளவு?

அதே குழு 2015-இல் 65 நோயாளிகளின் முடிவை வெளியிட்டது. வாரம் ஒரு தடவை, 30 நிமிடம், 8 வாரம். சரியான புள்ளிகளில் மின் ஊசி போட்ட 33 பேரில் சுமார் 70 விழுக்காட்டினருக்கு மேல் அழுத்தம் 6 முதல் 8 வரை இறங்கியது.

ஆனால் 2006-இல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில் 192 பேர். சிலருக்கு உண்மையான புள்ளியில் ஊசி, சிலருக்குப் பொய்ப் புள்ளியில் ஊசி. இரண்டு தரப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இறங்கியது. 3, 4 புள்ளிகள்தான். பொய்ப் புள்ளிக் குழு இல்லாவிட்டால் எல்லாருமே "ஊசி வேலை செய்யுது" என்று சொல்லியிருப்பார்கள், இல்லையா?

4. எங்கள் வீட்டுப் பரிசோதனை

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தாத்தாவின் 152 எடுத்தது கோப்பி ஓ குடித்து, படியேறி வந்த உடனே. 138 எடுத்ததோ அரை மணி நேரம் படுத்து எழுந்த பிறகு! அடுத்த ஞாயிறு ஊசியே இல்லாமல் தாத்தாவை அரை மணி நேரம் படுக்க வைத்தேன். முன்பு 150, பிறகு 139.

தாத்தா மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ படுத்ததுக்கே இறங்குதா?" என்றார். மாத்திரை டப்பாவை அவரே எடுத்து வந்தார்.

ஒருவரிடம், ஒரே நாளில் செய்ததால் இது ஆய்வு ஆகாது. ஆனாலும் ஒரு அளவை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

5. நாம் நினைவில் வைக்க வேண்டியவை

அக்குபங்சர் பொய் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் சில அரசாங்க மருத்துவமனைகளிலேயே நாள்பட்ட வலிக்கும், பக்கவாதத்துக்குப் பிந்திய பராமரிப்புக்கும் அதைத் தருகிறார்கள். ஆனால் அது மருந்தோடு சேர்ந்த துணை. மருந்துக்குப் பதில் அல்ல. கொதிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் மறுபடி ஏறும். பக்கவாதம் சொல்லிக்கொண்டு வராது.

ஊசி போடுகிறவர் 2016-ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிதானா என்று பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தாத்தா இப்போதும் முட்டிக்கு ஊசி போடுகிறார். மாத்திரையும் சாப்பிடுகிறார். இரண்டையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

வீட்டுப் பாடம்: உங்கள் வீட்டுப் பெரியவர்களை 5 நிமிடம் உட்கார வைத்து, காலையும் மாலையும் அழுத்தம் எடுங்கள். ஒரு வாரம் நோட்டில் எழுதி, அடுத்த கிளினிக் நாளில் அந்த நோட்டைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். படித்த பிள்ளைகள் நாம் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?