நட்டை முறுக்கினால் கசிவு நிற்குமா?

ரயிலில் பட்டாசு கொண்டுபோகத் தடை. அதனால் தீபாவளி நெருங்கினால் சிவகாசிக்கு வெளியூர்க் கார்கள் சாரிசாரியாக வரும். டிக்கி நிறையப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, நெருக்கடியான தெருவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது பானெட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்கும். வண்டி நின்ற இடத்தில் சிவப்பாக எண்ணெய்ச் சொட்டு கிடக்கும். பக்கத்தில் நிற்பவர் உடனே சொல்வார்: “ஹோஸ் நட்டு லூஸா இருக்கும் அண்ணாச்சி, ஒரு சுத்து டைட் வச்சா நின்னுரும்.”

பெரும்பாலும் நிற்காது. பவர் ஸ்டீயரிங் இணைப்பில் எண்ணெயைத் தடுப்பது மரை அல்ல. சில வண்டிகளில் அது ஓ-ரிங், சிலவற்றில் போல்ட்டின் இருபுறமும் உட்காரும் செம்பு வாஷர், இன்னும் சிலவற்றில் குழாயின் விரிந்த முனை. அவற்றை அழுத்திப் பிடிப்பது மட்டுமே மரையின் வேலை. நட்டு நிஜமாகவே தளர்ந்திருந்தால் அளவாக இறுக்கலாம். தளராத நட்டை மேலும் முறுக்கினால் ஓ-ரிங் நசுங்கும், பம்ப்பின் மரை உரியும். சில ரூபாய் ரிங்கோடு முடிய வேண்டிய வேலை பம்ப் மாற்றுவதில் போய் நிற்கும். கழற்றிய ரிங்கையோ வாஷரையோ திரும்பப் போடாதீர்கள்.

டெஃப்லான் டேப் சுற்றுவது தண்ணீர்க் குழாய்ப் பழக்கம். இங்கே பயனில்லை, அதன் துணுக்கு வால்வுக்குள் போனால் வேறு தொல்லை.

“எம்-சீல் வச்சு, மேலே ஒரு கிளாம்ப் போட்டா போதும்” என்பது அடுத்தது. இதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பும் ஹோஸில் அழுத்தம் குறைவு. அங்கே கிளாம்ப்தான் இருக்கும், புதுக் கிளாம்ப் போட்டாலே சரியாகிவிடலாம். பம்ப்பிலிருந்து புறப்படும் ஹோஸ் அப்படியல்ல. நின்ற இடத்தில் முழுக்க ஒடித்தால் அதற்குள் 80 முதல் 100 பார் வரை அழுத்தம் ஏறும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்! ரப்பரும் இரும்புப் பூணும் சேரும் இடத்தில் கசிந்தால் ஒட்டுப்போடும் பேச்சே வேண்டாம், ஹோஸை மாற்ற வேண்டியதுதான்.

எங்கே கசிகிறது என்று பார்ப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. சொட்டும் இடமே கசியும் இடம் என்று எண்ணுகிறார்கள். எண்ணெய் குழாய் வழியே ஓடி, தாழ்ந்த இடத்தில் சொட்டும். முதலில் வேஸ்ட் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் பார்க்கட்டும். விரலால் தடவவே கூடாது, ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். பட்டாசுப் பெட்டி அட்டை ஒரு துண்டு போதும். ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல் ஹோஸ் ஓரம் காட்டினால் ஈரக்கோடு விழும்.

எண்ணெய் குறைந்தால் பிரேக் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. அது ஸ்டீயரிங்கின் ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுக்கும். டப்பா மூடியில் எழுதியிருப்பதை மட்டும் ஊற்றுங்கள். எண்ணெய் தீர்ந்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் என்பதும் பொய். கனக்கும், அவ்வளவுதான். ஆனால் எண்ணெயில்லாமல் ஓடும் பம்ப் தேய்ந்து சாகும். ஸ்விஃப்ட் மாதிரி மின்மோட்டார் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில் இந்த எண்ணெயே கிடையாது. அடியில் சொட்டினால் வேறிடத்தைத் தேடுங்கள். பழைய இன்னோவா, பொலிரோக்காரர்களுக்குத்தான் இந்தப் பாடு.

“ஸ்டீயரிங் ஆயில் தீப்பிடிக்காது” என்ற நம்பிக்கையைத்தான் இந்த ஊரில் சும்மா விடக்கூடாது. 2012-ல் அமெரிக்காவில் ஹோண்டா, 2003 முதல் 2007 வரையிலான அக்கார்டு வி6 கார்கள் சுமார் 5.7 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. காரணம் இந்த ஹோஸ்தான். அது கசிந்து, கொதிக்கும் புகைப்போக்கிப் பகுதியில் எண்ணெய் விழுந்தால் தீப்பற்றலாம் என்பதே அச்சம். அந்தக் கார்களின் டிக்கியில் பட்டாசு இருந்திருக்காது.

ஹோஸ் கசியும் காரில் ஒரு பெட்டிகூட ஏற்றாதீர்கள். முதலில் ஒர்க்‌ஷாப், அப்புறம் பட்டாசுக் கடை.