கூழ் ஆறுவதற்குள்

கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று தோழிகள் பேச்செடுத்தால் நான் கொடைக்கானலைச் சொல்வதில்லை. நாகலாபுரம் பக்கம் வத்தல் போடுகிற வீடாகப் பார்த்துப் போவோம் என்பேன். அந்த வெயிலிலா என்பார்கள். வெயில் இல்லாமல் வத்தல் ஏது?

கோவில்பட்டியில் ரயிலை விட்டிறங்கினால் எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாகப் பேருந்தில் போய்விடலாம். கிளம்பும் தேதியை மட்டும் அந்த வீட்டுக்காரர்களிடம் விட்டுவிடுங்கள். கரிசல்காட்டில் பெரும்பாலும் மானாவாரிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் விளைந்த கம்பும் உளுந்தும் பாசியும் தை, மாசிக்குள் வீடு வந்து சேரும். பங்குனியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மிளகாயும் பருத்தியும் எடுப்பது போகப் பெண்களுக்குக் கொஞ்சம் கை ஓய்வு கிடைக்கும். அதுதான் வத்தலுக்கு நேரம். ஆடிக் காற்று வந்துவிட்டால் புழுதியை வாரி இறைக்கும். ஈர வத்தலில் கரிசல் தூசி படிந்தால் பிறகு எடுக்கவே முடியாது.

என் தோழி வீட்டில் முதல்நாளே இட்லி அரிசியும் ஜவ்வரிசியும் ஊறப்போட்டு, நைசாக அரைத்துவைத்துவிடுவார்கள். ஒரு படி அரிசிக்குக் கால்படி ஜவ்வரிசி. அரைக்க விட்டதையும் சேர்த்து மூன்று, நான்கு படி தண்ணீர் பிடிக்கும். பழைய அரிசி கூடுதலாகக் குடிக்கும், புது அரிசிக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். விடியும் முன்பே முற்றத்தில் வேலிக்கருவை விறகு மூட்டி, பெரிய குண்டானை ஏற்றிவிடுவார்கள். பச்சை மிளகாயையும் உப்பையும் அரைத்துக் கலந்து, சீரகம் தூவி, அடிபிடிக்காமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரில் நனைத்த விரலால் கூழைத் தொட்டால் ஒட்டக்கூடாது. அதுவரை இறக்க மாட்டார் தோழியின் ஆச்சி.

"உப்பு நாக்குக்குக் கொறச்சலாத்தான் தெரியணும் தாயி. காஞ்சா தானா ஏறும்" என்பார். தண்ணீர் வற்ற வற்ற உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. கூழில் சரியாக இருக்கும் உப்பு வத்தலில் கரிக்கும்.

வத்தல் போடுகிற அன்று அந்த வீட்டில் இத்தனை பேர் கூடுவது எதற்கு என்பது குண்டானை இறக்கிய பிறகுதான் விளங்கும். கூழ் ஆற ஆற இறுகும். இறுகிவிட்டால் முறுக்கு உரலில் எத்தனை அழுத்தினாலும் இறங்காது. இறங்கினாலும் இழை அறுந்து அறுந்து விழும். ஒரு குண்டான் கூழை அது ஆறுமுன் ஒருத்தியால் பிழிந்து முடிக்க முடியாது. மாடிக்குத் தூக்க ஒருவர், உரலில் நிரப்ப ஒருவர், பிழிய மாற்றி மாற்றி மூன்று நான்கு பேர். அடுத்த வீட்டு மதினியும் எதிர்வீட்டுப் பெரியம்மாவும் வருவது இதற்குத்தான். அவர்கள் வீட்டு வத்தலுக்கு இவர்கள் போவார்கள். அந்தக் கணக்கை யாரும் எழுதிவைப்பதில்லை, யாரும் மறப்பதும் இல்லை. தனியாகச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் அரைப்படிக்கு மேல் போடாதீர்கள்.

நண்பர்களோடு போகிறவர்கள் ஆளுக்கொரு வேலையை ஏற்றுக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் விருந்தாளியால் அந்த அவசரத்தில் இடைஞ்சல்தான். பழக்கமில்லாத கைக்கு உரல் நிரப்புவது நல்லது. கொதிக்கிற கூழாகையால் நீளக் கரண்டி வேண்டும், பக்கத்திலேயே ஒரு செம்பு தண்ணீரும். போட்டோ எடுக்கிற ஆசையைக் கூழ் காலியான பிறகு வைத்துக்கொள்ளலாம்.

துவைத்த பருத்தி வேட்டியை மாடியில் விரித்து, நான்கு முனைக்கும் கல் வைத்துப் பிழிகிறோம். காக்கைக்குக் கறுப்புக் குடையை விரித்து வைப்பார்கள். அதைவிடக் காவலுக்கு உட்காரும் பிள்ளைகளே மேல். பாதி காய்ந்த வத்தலை அவர்கள் பிய்த்துத் தின்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. வெளியே மொறுமொறுப்பும் உள்ளே கூழின் மெதுமெதுப்புமாக இருக்கும் அந்த ருசி வேறு எந்தப் பலகாரத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப்போட்டு, முதுகுப் பக்கம் தண்ணீர் தெளித்து, ஊறியதும் உரிக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் வத்தல் உடைந்துவிடும். ஒரு கையால் துணியைக் கீழ்நோக்கி இழுத்து, மறு கையால் வத்தலைத் தாங்கினால் முழுசாகக் கழன்றுவரும். கதைபேச இதைவிட நல்ல வேலை கிடையாது. அந்த வருஷம் மிளகாய் விலை, மூட்டம் போட்ட கரி எத்தனை மூட்டை தேறியது, கல்யாணம், துஷ்டி எல்லாம் உரிக்கும்போதுதான் காதில் விழும்.

கம்பு வத்தலை விட்டுவிடாதீர்கள். உமி போகக் குத்திய கம்பைக் கூழாகக் காய்ச்சி, மோர் விட்டுக் கரண்டியால் ஊற்றுவார்கள். நிறம் சாம்பல்தான், ஆனால் அந்தப் புளிப்புக்காகவே நான் கேட்டு வாங்கிவருவேன். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். கடையில் காசு கொடுத்தால் அது கிடைக்கும். கம்பு வத்தலுக்கு ஒரு வீட்டாரின் பழக்கம் வேண்டும்.

உரித்ததை இன்னும் இரண்டு வெயிலாவது காயவைக்க வேண்டும். ஒடித்தால் படக்கென்று சத்தம் வர வேண்டும். மாடியிலிருந்து அள்ளிய சூட்டோடு டின்னில் அடைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நிழலில் ஆறவிட்டு அடையுங்கள். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள், போன மறுநாளே ஒரு வெயில் காட்டிவிடுங்கள்.