முட்டுப்பாடும் முயற்சியும்: குடாநாட்டுக் குடும்பங்களின் கடனும் சேமிப்பும்

ஒரு நாட்டின் பொருளாதாரம் தளர்வுற்றதெனப் பொருளியல் நூலார் கூறுமிடத்து அவர் சான்றாகக் காட்டுவன புள்ளிவிபரங்களேயாம். அத்தளர்வு ஒரு குடும்பத்தின் படலையைக் கடந்து உள்ளே புகுமிடத்து வேறு வடிவங் கொள்கின்றது. அடுப்படியில் ஒரு கறி குறைகின்றது. கடைக் கொப்பியில் ஒரு கடன் ஏறுகின்றது. அண்மைக்கால நெருக்கடியை யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சாதாரண மக்கள் எவ்வெவ் வழிகளாற் சமாளித்தனர், அவ்வழிகளுள் எவை அவர்களைத் தாங்கின, எவை மேலும் தாழ்த்தின என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெருக்கடியின் இயல்பு

2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆந் திகதி இலங்கை அரசாங்கம் தன் பிறநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலரின் விலை மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு உயர்ந்தது. செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு 70 ஆயிற்று. உணவுப்பொருள்களை மாத்திரம் நோக்கின் அது நூற்றுக்கு 95 அளவிலிருந்தது. 2021இல் நூற்றுக்கு 13 ஆயிருந்த வறியோர் வீதம் 2022இல் நூற்றுக்கு 25 ஆயிற்றென உலக வங்கி மதிப்பிட்டது. 2023 மார்ச்சு மாதத்தில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி கிடைத்தது. அவ்வாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பணவீக்கமும் பெரிதும் தணிந்தது.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். பணவீக்கம் குறைந்தது என்பது விலை குறைந்தது என்பதன்று. விலை ஏறும் வேகம் குறைந்தது என்பதேயாம். 100 ரூபாவுக்கு விற்ற பொருள் ஓராண்டில் நூற்றுக்கு 70 வீதம் ஏறின் 170 ரூபாவாகும். அடுத்த ஆண்டில் அது நூற்றுக்கு 5 வீதமே ஏறினும் 178 ரூபா 50 சதமாகும். வருமானமோ 110 ரூபாவிலோ 120 ரூபாவிலோ நின்றுவிடுகின்றது. நெருக்கடி தீர்ந்துவிட்டதென அறிக்கைகள் கூறிய பின்னரும் இல்லத்தரசியின் முகத்தில் வாட்டம் நீங்காமைக்குக் காரணம் இதுவே.

முட்டுப்பாடு குடாநாட்டுக்குப் புதியதன்று. 1942இல் இரங்கூன் வீழ்ந்து பர்மா அரிசி நின்றபோது பங்கீட்டு அரிசியுடன் மக்கள் காலங் கழித்தனர். 1990இன் பின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் மின்கலமும் அருமைப் பொருள்களாயின. போத்தல் விளக்கின் ஒளியிற் படித்துப் பரீட்சை எழுதியோர் இம்மலரை வாசிப்போருள்ளும் பலராவர். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தடைக்காலத்திற் பொருள் இல்லை. இல்லாமை பெரும்பாலும் ஊர் முழுவதற்கும் பொதுவாயிருந்தது. 2022இன் வரிசைகள் மறைந்த பின்னரோ கடைகளிற் பொருள் நிறைந்திருக்க, வாங்குவோர் கையிற் பணமில்லை. ஒருவர் வாங்கிச் செல்வதை மற்றவர் பார்த்து நிற்கும் இல்லாமை இது. ஆதலின் இதனைத் தாங்கும் வழிகளும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்டன.

மக்கள் கைக்கொண்ட வழிகள்

முதலாவது வழி செலவைச் சுருக்குதல். பால்மாவும் இறைச்சியும் குறைந்தன; முருங்கையிலையும் ஒடியல்மாவும் மீண்டும் அடுப்படிக்கு வந்தன; துவிச்சக்கரவண்டி தூசு தட்டப்பட்டது. பிள்ளைகளின் தனியார் வகுப்புக் கட்டணத்தைக் கடைசிவரை குறையாது காத்தல் நம்மவர் இயல்பு. ஆனால் தொழிலுக்கு வேண்டிய செலவைச் சுருக்க முடியாது. 2022 ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. குருநகரிலும் பாசையூரிலும் படகு செலுத்துவோருக்கும், கோப்பாயிலும் உரும்பிராயிலும் மண்ணெண்ணெய் இயந்திரத்தால் தோட்டத்துக்கு நீர் இறைப்போருக்கும் இஃது ஏறத்தாழ நான்கு மடங்கு ஏற்றமாகும். உண்பதைக் குறைத்து இதனை ஈடுசெய்தல் இயலுமோ?

இரண்டாவது வழி நகையை அடைவு வைத்தல். நம் பெண்கள் பொன்னை அணியாகக் கொண்டதோடு சேமிப்பாகவுங் கொண்டனர். ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது பொன்னின் விலை ஏறியமையால் இச்சேமிப்பு அழியாது நின்றது. வங்கியில் ரூபாவாக வைத்திருந்தோரோ இழந்தனர். எனினும் மத்திய வங்கி 2022 ஏப்பிரலில் தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேமுறையில் நூற்றுக்கு 7 புள்ளிகளால் உயர்த்திய பின்னர் அடைவு வட்டியும் உயர்ந்தது. வட்டி கட்ட முடியாதோர் நகை மூழ்கிப்போயிற்று.

மூன்றாவது வழி சீட்டு. இருபது பேர் மாதந்தோறும் 5,000 ரூபா கட்டின் ஒரு இலட்சம் சேர்கின்றது. அவசரமுள்ளவர் 20,000 ரூபாவைக் கழிவாக விட்டு 80,000 ரூபாவை எடுக்கின்றார். அக்கழிவு ஏனையோருக்குப் பங்காகின்றது. வட்டி ஊருக்குள்ளேயே நிற்பது இதன் சிறப்பு. ஆயின் விலைகள் விரைந்து ஏறுங் காலத்திற் கடைசிவரை காத்திருந்து எடுப்பவர் பெறும் ஒரு இலட்சம், தொடக்கத்து ஒரு இலட்சத்தின் பெறுமதியுடையதன்று. நடத்துபவர் தவறின் கேட்பதற்குத் தக்க எழுத்தும் பெரும்பாலும் இருப்பதில்லை.

நான்காவது வழி பிறநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணம். ரூபா வீழ்ந்தமையால் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் அதே தொகை இங்கு கூடிய ரூபாவாயிற்று. அதனால் ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு நெருக்கடி சற்றே தளர்வாகவும் அயல்வீட்டுக்குப் பெருஞ்சுமையாகவும் அமைந்தது. 2022இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்கென இலங்கையை விட்டுச் சென்றனர். குடாநாட்டிலும் மகனை அனுப்புதற்குக் காணியை ஈடு வைத்த குடும்பங்கள் உள. தேசவழமை 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்டபோதே ஒற்றி பற்றிய விதிகள் அதில் இடம்பெற்றமை, காணியை வைத்துப் பணம் பெறுதல் நம்மிடையே எத்துணைப் பழைய வழக்கம் என்பதைக் காட்டும்.

இனி இந்நான்கையும் ஒருங்கு நோக்குவோம். நகை இருந்தாலன்றி அடைவு இல்லை. மாதவருமானம் இருந்தாலன்றிச் சீட்டு இல்லை. கடல் கடந்த உறவு இருந்தாலன்றிப் பணம் வருவதில்லை. சுருக்குதற்கும் முன்னர்ச் சிறிதேனும் மிகுதி இருத்தல் வேண்டும். ஆகவே இவை யாவும் உடையார்க்குரிய வழிகளேயாம். இவற்றுள் ஒன்றுமில்லாத கூலித் தொழிலாளியும், போரிற் கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்ணும் யாது செய்வர்? 2023 யூலை தொடக்கம் அரசாங்கம் 'அஸ்வெசும' என்னும் உதவியை வழங்கி வருகின்றது. தொடக்கத்தில் மிக வறிய குடும்பத்துக்கென விதிக்கப்பட்டது மாதம் 15,000 ரூபா. அதற்கு மேற்பட்ட தேவைக்கு அவர்கள் நாடியது வாரக்கடன்.

வாரக்கடனின் கணக்கு

போர் 2009இல் முடிந்து பாதை திறந்த பின்னர் நிதி நிறுவனங்கள் பல வடக்கே வந்தன. பெண்களைக் குழுக்களாக்கி, ஒருவருக்கொருவர் பிணை நிறுத்தி, பொறுப்பாக நகையோ காணியோ கேளாது கடன் வழங்கின. தவணைப்பணம் வாரந்தோறும் படலைக்கே வந்து அறவிடப்பட்டது. இதன் துன்பம் முற்றியமையால் 2018இல் அரசாங்கமே வரட்சியுற்ற மாவட்டப் பெண்களின் நுண்கடன்களை ஒரு வரம்புக்குட்பட்டு நீக்க முன்வந்தது. இக்கடன் ஏன் இத்துணைப் பாரமாகின்றதென்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம்.

ஒருவர் 60,000 ரூபாவை 'நூற்றுக்கு 24 வட்டி' என்று கடனாகப் பெற்று, பன்னிரண்டு மாதத்திற் கட்டுகின்றார் எனக் கொள்வோம். கணக்கை எளிதாக்கும் பொருட்டு மாதத்தவணையாகவே கொள்வோம். முழுத்தொகைக்கும் ஓராண்டு வட்டி 14,400 ரூபா. மொத்தம் 74,400 ரூபா. மாதம் 6,200 ரூபா. ஆனால் முதன் மாதமே அவர் முதலில் 5,000 ரூபாவைத் திருப்பிவிடுகின்றார். இவ்வாறே முதல் மாதந்தோறும் குறைந்து, கடைசி மாதத்தில் அவர் கையில் இருப்பது 5,000 ரூபாவே. 60,000க்கும் 5,000க்கும் சராசரி 32,500 ரூபா. அஃதாவது, ஆண்டு முழுவதும் சராசரியாக 32,500 ரூபாவைப் பயன்படுத்தியதற்கு அவர் கொடுத்த வட்டி 14,400 ரூபா. இது நூற்றுக்கு 24 அன்று. நூற்றுக்கு 40க்கு மேற்பட்டதாகும்.

ஆதலின் கடன் பெறுமுன் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று. முதலாவது, வட்டி தொடக்கத் தொகைக்கோ, குறைந்து செல்லும் மிகுதிக்கோ? இரண்டாவது, இப்பணம் விதையாகவோ வலையாகவோ மாறி மீண்டும் பணந் தருமோ, உண்டு தீருமோ? மூன்றாவது, வருமானம் வரும் நாளும் தவணை கேட்கும் நாளும் பொருந்துமோ? வெங்காயம் நட்டவர் கையிற் பணம் வர ஏறத்தாழ மூன்று மாதஞ் செல்லும். வாரக்கடனோ அடுத்த கிழமையே தவணை கேட்கும். அத்தவணைக்காக மற்றொரு கடன், அதற்காக வேறொன்று எனச் சங்கிலி நீளுகின்றது. சோம்பரும் ஊதாரித்தனமுமே கடனுக்குக் காரணம் எனக் கூறுவோர் இப்பொருத்தமின்மையைக் கருதிப் பார்த்தாரல்லர்.

முன்னோர் கண்ட வழி

பிணையாக வைக்கப் பொருளில்லாதார் தம் நாணயத்தையே பிணையாக்கி ஒன்றுகூடிக் கடன் பெறலாம் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செர்மனியக் கிராமங்களில் ரைபைசன் என்பார் நடத்திக் காட்டினார். இலங்கையில் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அம்முறை வேரூன்றியது. நம் ஊர்களில் எழுந்த ஐக்கிய நாணய சங்கங்கள் இவ்வழியில் வந்தவை. 'நாணயம்' என்ற சொல் பணத்தையும் நேர்மையையும் ஒருங்கு குறித்தல் காண்க. கூட்டுறவு இங்கு கடனோடு நில்லாது 1930களில் மூளாயில் ஒரு வைத்தியசாலையையும் நிறுவியது; உலகப்போர்க்காலத்திற் சங்கக்கடைகளாய்ப் பரவி உணவுப் பங்கீட்டுக்குத் துணைநின்றது.

இன்றும் சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கங்கள் பல ஊர்களில் உள. கடன் கேட்பவரின் தொழிலும் பருவமும் அயலவர்க்குத் தெரியுமாதலால், அறுவடைக்கேற்பத் தவணை வகுத்தல் அவற்றுக்கு எளிது. வட்டியும் ஊரிலேயே தங்குகின்றது. குறைகளையும் மறைத்தலாகாது. நிருவாகத்தினரின் சுற்றத்தார்க்கே கடன் செல்லுதல், கணக்கு ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படாமை, பொதுக்கூட்டத்துக்கு எவரும் வாராமை, அரசியல் புகுதல் ஆகியவற்றாற் சங்கங்கள் நலிதல் கூடும். முறை நன்றாயினும் அதனைக் காப்போர் இல்லாவிடின் பயன் யாது?

நம் கடமை

1877இற் பஞ்சம் வந்தபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். பசித்தவனுக்குக் கஞ்சி வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனாற் கஞ்சி கடனைத் தீர்ப்பதில்லை. திருப்பணிக்கும் கல்லூரிக் கட்டடத்துக்கும் வாரி வழங்கும் நம் பழைய மாணவர்கள், அதில் ஒரு பங்கைத் தம் ஊர்ச் சங்கத்தில் நன்கொடையாகவன்றி மீளப் பெறத்தக்க வைப்பாக இடுவாராயின், அது வாரக்கடனில் ஆழ்ந்த பலரை மீட்கும். இடுமுன் சங்கத்தின் பரிசோதிக்கப்பட்ட கணக்கைக் கேட்டு வாங்குதல் வேண்டும். அங்ஙனங் கேட்பதே சங்கத்தைச் செப்பஞ் செய்யும். ஊரிலுள்ள ஆசிரியரும் கணக்காளரும் மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை அக்கணக்கேடுகளுக்கு ஈதல் வேண்டும். மாணவர்களோ, மேலே காட்டிய வட்டிக் கணக்கைத் தம் வீட்டுக் கடன் அட்டையோடு ஒப்பிட்டுத் தாய்க்கு விளக்குவாராக. பரீட்சைக்குக் கற்ற கணிதம் அன்று வீட்டுக்குப் பயன்படும்.

சைவப் பாடசாலைகள் பல, உலையில் இடுமுன் ஒவ்வொரு வீட்டிலும் எடுத்து வைத்த பிடியரிசியாற் பேணப்பட்டவை. ஒரு பிடி தனித்து ஒருவரையும் படிப்பித்ததில்லை. ஊர் முழுவதும் சேர்ந்து, ஒழுங்காய்க் கணக்கு வைத்தமையாற் பாடசாலை நின்றது. அம்மரபிற் கற்றுவந்த நாம், கடனால் நலியும் அயலவரைத் தனியே விட்டுவிடுதல் தகுமா?