ஆளுக்கேற்ற அளவு

குருதி குழாய்க்குள் உறைந்தால் உயிர்க்குக் கேடு. காயம்பட்ட இடத்தில் உறையாது ஒழுகினும் கேடே. செயற்கை இதயவால்வு பொருத்தப்பெற்றோரை இவ்விரு கேட்டிற்கும் நடுவே காப்பது வார்பரின் என்னும் மருந்து. 1948-இல் எலிகளைக் கொல்லும் நஞ்சாக விற்பனைக்கு வந்த இப்பொருள், 1954-இல் மனிதர்க்கு மருந்தாயிற்று. ஒருவர்க்கு நலந்தரும் அளவே மற்றொருவர்க்குக் குருதிப்போக்கை விளைவித்தலும் உண்டு. காரணம் யாது? இம்மருந்தைச் சிதைப்பது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. அதனை ஆக்கும் மரபணு சிலரிடம் வேறுபட்டிருப்பதால், அவர்தம் உடலில் மருந்து நெடுநேரம் தங்குகிறது. அன்னார்க்குச் சிற்றளவே போதும்.

புதுச்சேரியில் 1823-இல் பிரெஞ்சியர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது ஜிப்மர். அதன் ஆய்வாளர்கள் தென்னிந்தியரின் இத்தகைய மரபணுக்களை ஆராய்ந்தனர். பிறநாட்டார்க்கு வகுத்த அளவு நமக்கும் அப்படியே பொருந்துமென்று கொள்ளலாகாதன்றோ? வயது, உணவு, பிற மருந்துகள் ஆகியனவும் அளவை மாற்றும்; ஆதலின் மரபணுவை அறிந்தபின்னும் குருதிச் சோதனை வேண்டும். அளவறிந்து அளித்தால் நஞ்சும் மருந்தாம். அளவு தப்பின் மருந்தும் நஞ்சாம்.